பார்வை இழந்தோருக்கும் குறைபார்வை உடையோருக்கும் அரசு தரும் நிதியுதவிகள்: தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதவித்தொகை கேட்டு அலைவதற்கு முன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கையில் இருக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழை எடுத்து, அதில் எழுதியுள்ள சதவீதத்தையும் குறைபாட்டின் பெயரையும் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பென்ஷன், வருமான வரி, ரயில் கட்டணம், கல்வி உதவி என்று எதற்குப் போனாலும் அந்த இரண்டு விவரங்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான கதவுகள் திறக்காது. 80-ஐத் தொட்டால் மத்திய அரசின் பென்ஷன் பங்கும் கூடுதல் வரிக்கழிவும் வரும். ரயில் சலுகைக்குப் பார்வை முற்றிலும் இல்லை என்று சான்றில் இருக்க வேண்டும். தாலுகா ஆபீசில் நாலு முறை திருப்பி அனுப்பப்பட்டவர்களின் காகிதங்களைப் பார்த்தால், பலருக்குச் சிக்கல் தாலுகா ஆபீசில் இருப்பதில்லை. சான்றிதழில் இருக்கிறது.

சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சட்டம் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். கணக்கிடும் முறை 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் வந்தது. சரியான கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கணக்கு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அளப்பதில்லை.

6/60 என்றால், நல்ல கண் உள்ளவர் 60 மீட்டர் தள்ளி நின்று படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்று பொருள். இரண்டு கண்களில் நன்றாகத் தெரியும் கண் முதலில், மற்றக் கண் அடுத்து:

நல்ல கண் 6/18 வரை தெளிவாக இருந்து, மற்றக் கண்ணில் பார்வையே இல்லை என்றால் 30 சதவீதம். நல்ல கண் 6/24 முதல் 6/60 வரை என்றால், மற்றக் கண்ணின் நிலையைப் பொறுத்து 40, 50 அல்லது 60. நல்ல கண்ணே 6/60-க்குக் கீழே 3/60 வரை இறங்கிவிட்டால் 70 அல்லது 80. 3/60-க்குக் கீழே 1/60 வரை என்றால் 90. கை அசைவு மட்டும், வெளிச்சம் மட்டும், அல்லது ஒன்றுமே தெரியவில்லை என்றால் 100.

ஓர் எடுத்துக்காட்டு. வலக்கண் 6/60. இடக்கண்ணில் ஒரு மீட்டர் தூரத்தில் காட்டும் விரல்களை மட்டும் எண்ண முடிகிறது. இவருக்கு 60 சதவீதம். மாநில அரசின் பென்ஷனுக்கும் 75,000 ரூபாய் வரிக்கழிவுக்கும் தகுதி உண்டு. 80 சதவீதம் கேட்கும் திட்டங்களும் ரயில் சலுகையும் இவருக்கு இல்லை.

எழுத்துப் பலகையை ஓரளவு படித்துவிடுகிறேன். ஆனால் நடக்கும்போது பக்கத்தில் இருப்பது தெரியாமல் மோதிக்கொள்கிறேன். எனக்குச் சான்றிதழ் கிடைக்காதா?

கிடைக்கும். ஆனால் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆர்பி எனப்படும் விழித்திரை நிறமிச் சிதைவு, முற்றிய கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) ஆகியவற்றில் நடுப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடிக்கும், சுற்றுப்பார்வை சுருங்கிக்கொண்டே வரும். குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும். எழுத்துப் பலகையை மட்டும் வைத்து அளந்தால் இவருக்குச் சுழியம் சதவீதம் வந்துவிடும். மிகப் பெரிய அநியாயம் இங்கேதான் நடக்கிறது.

சட்டத்திலேயே பார்வைப் புலத்துக்குத் தனி அளவு இருக்கிறது. நல்ல கண்ணின் பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே 20 வரை என்றால் குறைந்தது 40 சதவீதம். 20-க்குக் கீழே 10 வரை என்றால் குறைந்தது 70. 10 டிகிரிக்கும் கீழே சுருங்கியிருந்தால் 90. எழுத்துப் பலகையில் 6/12 படித்தாலும் இது பொருந்தும்.

அதனால் சான்றிதழுக்காகச் சோதிக்கும் மருத்துவ முகாமுக்குப் போவதற்கு முன்பே பெரிமெட்ரி எனப்படும் பார்வைப் புலச் சோதனையை ஒரு கண் மருத்துவமனையில் எடுத்து, அந்த அச்சுத் தாளைக் கையில் கொண்டு போங்கள். முகாம்களில் அந்தக் கருவி இருப்பது அரிது. இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள். சோதனையின்போது தூங்கி வழிந்தாலோ கண்ணை அலையவிட்டாலோ அறிக்கையில் நம்பகத்தன்மை குறைவு என்று பதிவாகிவிடும். மருத்துவர் அதை ஏற்கமாட்டார். முந்தைய நாள் நன்றாகத் தூங்கிவிட்டுப் போவது நல்லது.

ஒரு கண் மட்டும் போய்விட்டது. ஏதாவது உதவி உண்டா?

மற்றக் கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும். சான்றிதழ் கிடைக்கும், ஆனால் 40 சதவீதத்தை அடிப்படையாக வைத்த எந்தத் திட்டமும் பொருந்தாது. இதைச் சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், "பணம் கொடுத்தால் 40 ஆக்கித் தருகிறேன்" என்று வரும் தரகரை நம்பி ஏமாறுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல். பொய்ச் சான்றிதழால் சலுகை பெற்றால் 2016 சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுப்பது எப்படி? எங்கே தடைபடுகிறது?

ஸ்வாவலம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ பதிந்து தருவார்கள். ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், பழைய சான்றிதழ் இருந்தால் அதன் நகல் ஆகியவை தேவை. 2021 ஜூன் 1 முதல் மாற்றுத்திறனாளி சான்றிதழை இந்த இணையதளம் வழியாகத்தான் தர வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. அட்டையின் நிறத்திலேயே அளவு தெரிந்துவிடும்: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

தடைபடுவது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் "முருகன் க", ரேஷன் அட்டையில் "க. முருகேசன்", வங்கிப் புத்தகத்தில் வேறொன்று. முதலில் ஆதாரைத் திருத்தி, மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகும்படி மாற்றிய பிறகு யுடிஐடிக்கு விண்ணப்பியுங்கள். அட்டை வந்த பிறகு பெயரைத் திருத்துவது இரட்டை அலைச்சல். இன்னொன்று: விண்ணப்பித்துவிட்டு மருத்துவச் சோதனைக்குப் போகாமல் விட்டுவிடுவது. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி இரண்டு ஆண்டுகள் அப்படியே கிடந்தால் விண்ணப்பம் காலாவதியாகிவிடும்.

சோதனைக்குப் போகும்போது போட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடி, பழைய அறுவை சிகிச்சை அறிக்கைகள், விழித்திரைப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கண்புரை போலச் சிகிச்சையால் சரியாகக்கூடிய குறை இருந்தால் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், அல்லது சிகிச்சை முடிந்து வரச் சொல்வார்கள். தற்காலிகச் சான்றிதழின் முடிவு தேதியைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். அது முடிந்த மாதத்திலேயே உதவிகளும் நிற்கக்கூடும். அளவு தவறு என்று தோன்றினால் சட்டத்தின் 59-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

மாதாந்திர உதவித்தொகை எவ்வளவு? எங்கே விண்ணப்பிப்பது?

ஊரில் எல்லோரும் ஓஏபி (முதியோர் ஓய்வூதியம்) என்றே சொல்கிறார்கள். மாற்றுத்திறனாளிக்கான ஓய்வூதியம் அதே வருவாய்த் துறையிலிருந்துதான் வருகிறது, ஆனால் திட்டம் தனி. 2023 ஜனவரியில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம்: 80 சதவீதமும் அதற்கு மேலும், வயது 18 முதல் 79 வரை, வறுமைக்கோட்டுப் பட்டியலில் குடும்பம் இருக்க வேண்டும். மத்திய அரசின் பங்கு இதில் வெறும் 300 ரூபாய், மீதியை மாநில அரசு போடுகிறது. இரண்டாவது, மாநில அரசே முழுவதும் தரும் ஆதரவற்ற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம்: 40 சதவீதம் போதும். எந்த வழியில் வந்தாலும் கையில் வரும் தொகை ஒன்றுதான். அதனால் 80 இல்லையே என்று மனம் தளர வேண்டாம்.

இ-சேவை மையத்தில் பதிந்தால் விண்ணப்பம் விஏஓ, வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாலுகா அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். ஆதார், ரேஷன் அட்டை, யுடிஐடி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம் வேண்டும். பதிந்த ரசீதின் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். எண் இல்லாமல் போய் நின்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பராமரிப்பு உதவித்தொகை என்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது வேறு. அது மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்ற பிரிவினருக்கானது. பார்வைக் குறைபாட்டோடு அறிவுசார் குறைபாடும் உள்ள பிள்ளை என்றால் இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். ஓய்வூதியம், பராமரிப்பு உதவித்தொகை இரண்டையும் ஒருவரே ஒரே நேரத்தில் வாங்க முடியாது.

வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நின்றுவிட்டது. ஏன்?

முதலில் வங்கியில் விசாரியுங்கள், தாலுகாவுக்குப் பிறகு போகலாம். கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாள விவரத்தைப் புதுப்பிக்காததால் கணக்கு முடங்கியிருக்கலாம். அல்லது உங்கள் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்ததால் கணக்கு எண்ணோ ஐஎப்எஸ்சி எண்ணோ மாறியிருக்கலாம். வங்கி சரியென்றால், கள ஆய்வுக்கு வந்தபோது வீட்டில் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறார்களா என்று தாலுகாவில் கேளுங்கள். மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போனவரை "முகவரியில் இல்லை" என்று நீக்கிவிடுவது நடக்கிறது. வீடு மாறினால், வேறு தாலுகாவுக்குப் போனால், ரேஷன் அட்டையை மாற்றிய கையோடு தாலுகாவிலும் மாற்றல் மனு கொடுத்துவிடுங்கள்.

நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரணைக்கு ஆள் வரவழைப்பதிலும் ஆவணம் கேட்பதிலும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் சட்டப்படி அவருக்கு உண்டு.

வங்கியில் தனிக் கணக்கு தர மறுக்கிறார்கள். கூட ஒருவரைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. பார்வையற்றவர் ஒப்பந்தம் செய்யச் சட்டப்படி தகுதியுள்ளவர், அதனால் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, இணைய வங்கி, லாக்கர் எல்லாம் மற்றவர்களைப் போலவே அவருக்கும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. அந்தச் சுற்றறிக்கையின் நகலைக் கிளை மேலாளரிடம் காட்டுங்கள். அவர் அப்போதும் மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். உதவித்தொகை வரும் கணக்கில் இன்னொருவர் பெயர் சேர்வது வெறும் வசதிக் குறைவு என்று நினைக்காதீர்கள். அந்தப் பணம் யார் கையில் போகிறது என்பதே மாறிவிடும்.

இணையவழிக் கேஒய்சியில் கண்ணைச் சிமிட்டச் சொல்லித் தடுத்தால், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சொல்லுங்கள். பார்வை இழந்தவர்களும் முகத்தில் பாதிப்பு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி கேஒய்சி முறைகளை மாற்ற வேண்டும் என்று அதில் 20 கட்டளைகள் உள்ளன. ஆதார் பதிவிலும் கருவிழி எடுக்க முடியாதவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. செயற்கைக் கண் பொருத்தியவரைக் கருவிழி இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

படிக்கும் பிள்ளைக்கு என்னென்ன உண்டு?

மாநில அரசின் கல்வி உதவித்தொகை ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு, வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும். பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு இதோடு வாசிப்பாளர் உதவித்தொகையும் சேரும்: 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 3,000, பட்டப் படிப்புக்கு 5,000, முதுகலைக்கும் தொழிற்படிப்புக்கும் 6,000 ரூபாய். பாடத்தைப் படித்துக் காட்டுபவருக்குக் கொடுப்பதற்கான பணம் இது. பள்ளி முதல்வர் கையெழுத்துடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தர வேண்டும். பள்ளிகளுக்கே இது தெரிவதில்லை என்பதால் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்களே படிவத்தோடு போய்விடுங்கள்.

மத்திய அரசின் உதவித்தொகை தேசிய உதவித்தொகை இணையதளத்தில். 9, 10-ஆம் வகுப்புக்கு ஒன்று, 11 முதல் முதுகலை வரை இன்னொன்று. 40 சதவீதம், பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். இதை வாங்கினால் வேறு கல்வி உதவித்தொகையைச் சேர்த்து வாங்கக் கூடாது. எனவே இரண்டின் தொகையையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். மத்திய அரசுப் பணம் ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அதில்தான் விழும். பணம் வந்ததாகத் தகவல் வந்தும் கணக்கில் காணோம் என்றால், பிள்ளை பெயரில் வேறெங்காவது திறந்த பழைய கணக்கைப் பாருங்கள்.

வேலை கிடைக்கும் வரை ஏதாவது?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஓராண்டு முடிந்த மாற்றுத்திறனாளிக்கு மாதம் 600 ரூபாய் பத்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு, 750 பிளஸ் டூ முடித்தவருக்கு, 1,000 பட்டதாரிக்கு. மற்றவர்களுக்கு மூன்று ஆண்டுகள்தான், மாற்றுத்திறனாளிக்குப் பத்து ஆண்டுகள் வரை. வருமான வரம்பு கிடையாது. பதிவைப் புதுப்பிக்க மறந்தால் இது நின்றுவிடும். முழுநேர மாணவருக்கும், அரசிடம் வேறு உதவித்தொகை வாங்குபவருக்கும் கிடையாது. ஏற்கெனவே 1,500 ரூபாய் ஓய்வூதியம் வருகிறதென்றால் இதற்காக அதை விட்டுவிட வேண்டாம்.

சம்பளம் வாங்குகிறேன். வருமான வரியில் எவ்வளவு குறையும்?

இவ்வளவு காலம் வருமான வரிச் சட்டத்தின் 80யூ பிரிவு என்று அறியப்பட்ட கழிவு: 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாய், 80-ம் மேலும் என்றால் 1,25,000. செலவுக் கணக்கு எதுவும் காட்ட வேண்டியதில்லை, சான்றிதழ் போதும். 20 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு 1,25,000 கழிவால் செஸ் உட்பட 26,000 ரூபாய் மிச்சம். பெற்றோர், பிள்ளை, துணைவர், உடன்பிறந்தவர் என்று உங்களைச் சார்ந்திருக்கும் ஒருவருக்குக் குறைபாடு இருந்தால் அதே அளவு கழிவு, 80டிடி என்று அறியப்பட்ட பிரிவில். அவரே 80யூ கேட்டிருந்தால் நீங்கள் அவருக்காகக் கேட்க முடியாது.

இரண்டுமே பழைய வரி முறையில் மட்டும்தான். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அலுவலகம் புதிய முறையிலேயே வரி பிடிக்கும். எனவே ஏப்ரலிலேயே இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், பலருக்குப் புதிய முறையே லாபமாக இருக்கும். புதிய முறையிலும் தப்பிப் பிழைத்திருக்கும் ஒன்று உண்டு: பார்வையற்ற ஊழியருக்கு அலுவலகம் தரும் போக்குவரத்துப் படியில் ஒரு வரம்பு வரை வரி இல்லை. சம்பளச் சீட்டில் அந்தப் பெயரில் படி இருந்தால்தான் இது செல்லும். இல்லையென்றால் சம்பளத்தைப் பிரித்து அமைத்துத் தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள்.

பஸ், ரயில் சலுகைகள்?

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பேருந்தில் கால் பங்குக் கட்டணம். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்.

ரயிலில் முற்றிலும் பார்வையற்றவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, ஏசி சேர் கார் ஆகியவற்றில் 75 சதவீதம், இரண்டடுக்கு ஏசி, முதல் வகுப்பு ஏசியில் 50 சதவீதம் தள்ளுபடி. குறைபார்வைக்குக் கிடையாது. தட்காலில் எந்தச் சலுகையும் இல்லை. ரயில்வே கேட்கும் தனிப் படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்து வாங்கி, அவர்களுடைய இணையதளத்தில் தனி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கைக்கு வந்துவிட்டால் வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கலாம்.

கருவிகள், திருமண உதவி, கடன்?

மடக்குக் கோல், பிரெய்லி கைக்கடிகாரம், திரைவாசிப்பு வசதியுள்ள திறன்பேசி ஆகியவற்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். பார்வையற்றவரை மணப்பவருக்கு 25,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும், பட்டம் அல்லது பட்டயம் முடித்திருந்தால் 50,000 ரூபாயும் அதே தங்கமும். இருவருக்கும் முதல் திருமணமாக இருக்க வேண்டும். பெட்டிக்கடை போன்ற சிறுதொழிலுக்கு வங்கிக் கடன் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம்.

நிராமயா என்ற ஒரு லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பார்வைக் குறைபாடு மட்டும் உள்ளவருக்கு அது பொருந்தாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே. கார் வாங்கும்போது தரும் வரிச் சலுகையும் கை, கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கானது.

அரசு ஊழியராக இருந்த அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் பார்வையற்ற பிள்ளைக்கு வருமா?

வரும், வாழ்நாள் முழுவதும் வரலாம். குறைபாட்டால் சொந்தமாகப் பிழைக்க முடியாத நிலை இருந்தால், 25 வயது வரம்பு அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. மத்திய அரசு ஊழியர்களின் விஷயத்தில் 2021-இல் வருமான விதியைத் தளர்த்தினார்கள். பிள்ளையின் மற்ற வருமானம், பெற்றோரின் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குள் இருந்தால் போதும். தமிழ்நாடு அரசு ஓய்வூதிய விதிகளிலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு இதுபோன்ற வழி உண்டு.

ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பெற்றோர் இருந்தபோதே குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கப் பத்து வருடத்துப் பழைய மருத்துவக் காகிதங்களைத் தேட வேண்டிவரும். ஓய்வூதியம் வாங்கும் பெற்றோர் யுடிஐடி நகல், குடும்ப உறுப்பினர் பட்டியல், ஒரு மனு ஆகிய மூன்றையும் கடைசியாகப் பணிபுரிந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை ஓய்வூதியப் புத்தகத்தோடு வைத்துவிடுங்கள்.